சுவர் காயும்வரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சுத்தப் பொய். அது மூக்கு நுனி வரைக்கும் வந்து உட்கார்ந்து காத்திருக்கிற கோபமே இல்லை. கிளம்பின இடத்திலிருந்து நேராக வாய்க்குத்தான் வரும்.

அவர் எனக்கு நேர்மாறு. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். எங்களுக்குச் சலவைக் கடை. நான் முன்னால் உட்கார்ந்து துணி வாங்கிக் கொடுப்பேன், அவர் பின்னால் கறை எடுப்பார், நாத்தனார் இஸ்திரி போடுவாள். தினமும் விடிகிற நேரத்தில் அவர் முதலில் போய்விடுவார். "பாய்லர் சூடேறணும், நீ மெதுவா எழுந்து வா" என்பார். நானும் நாத்தனாரும் சாவகாசமாகப் பின்னால் போவோம். பெண்டாட்டியை நிம்மதியாகத் தூங்கவிடுகிற ஒரே புருஷன் என்று நான் வருகிற போகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டதுண்டு.

அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாக என்ன வந்ததோ, கடையைக் காலி பண்ணிவிட்டு வேறு நகரத்துக்குப் போகலாம் என்று பிடித்துக்கொண்டார். ஒருநாள் பாய்லர் பழசாகிவிட்டது என்பார். ஒருநாள் இந்தத் தெருத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார். இருமிக் காட்டுங்கள் என்றால் இருமத் தெரியாது.

"பாய்லர் பழசுன்னா பாய்லரை மாத்துங்க. ஊரை எதுக்கு மாத்தறீங்க?" என்று நான் கத்துவேன். அவர் ஒரு சட்டைக் காலரை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கடைசியில் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியேவிட்டார். அவருடைய பெரியப்பா மகன் இருக்கிற நகரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். "பார்த்துட்டு மட்டும் வரேன்" என்றார். இடத்துக்காரருக்கு மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் சரியா இல்லையா என்று சொல்லியாக வேண்டும் என்பதை மெதுவாக, வாசற்படி தாண்டின பிறகு சொன்னார். இந்தக் கடையில் உட்கார்ந்துதான் நான் இந்த ஊர்ப் பேச்சே கற்றுக்கொண்டேன். இந்த மேஜைக்குப் பின்னால்தான் எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள், விரோதிகளும் கிடைத்தார்கள். இதை விட்டு நான் போகவே மாட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

ஆக, அந்த மூன்றாம் நாள் காலையிலும் கடை திறக்கப் போனது நானும் நாத்தனாரும்.

கடைக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. அதை ஒட்டி நீளமாக எங்கள் சுவர். ஒரு காலத்தில் வெள்ளை. எங்கள் பாய்லர் புகையும் வண்டிப் புகையும் சேர்ந்து யானைக் கலரில் இருக்கும். அந்தச் சுவரில், சிவப்புப் பெயின்டில், ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். "ஓடிப் போங்கடா" என்று இருந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஆட்களைத் திட்டுகிற ஒரு சொல். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் சொல்லை எழுதினவன் கையே நாறியிருக்கும்.

நாங்கள் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம்தான். ஆனால் என் மாமனார் காலத்திலேயே வந்தாயிற்று. நாத்தனார் பிறந்ததே இங்கேதான். இருந்தாலும் எங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். "காலையில வந்தேன், கடை திறக்க" என்பேன். இப்படி வாயால் கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் வந்து சுவரில் எழுதிவிட்டுப் போகிறவனுக்கு என்ன பதில் சொல்ல?

"அண்ணி, நம்மளையா சொல்றான்?" என்றாள் நாத்தனார். குரல் இறங்கிவிட்டது.

"பின்னே, சுவத்தையா ஓடச் சொல்றான்?"

உடனே காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கடை பெயர் சொன்னேன், தெரு சொன்னேன், எழுதியிருந்ததைச் சொன்னேன், எழுதினவனின் வம்சத்தைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். "எதுவானாலும் நேர்ல வந்து பேசுங்க" என்று வைத்துவிட்டேன்.

வருகிறவரை சும்மா நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தெருவில் ஆள் நடமாட ஆரம்பித்துவிட்டது. எங்களிடம் சீருடைகளைச் சலவைக்குப் போடுகிற பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதையும் பார்க்காதது மாதிரி நடையைக் கட்டினாள். எனக்கு மானமே போயிற்று. எழுதினவனுக்கு வர வேண்டிய வெட்கம் விலாசம் தெரியாமல் என்னிடம் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் சுவரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, இன்னும் ஈரமா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். கறை ஈரமாக இருக்கிறது என்று கேட்டால் எங்கள் வீட்டு ஆட்களுக்குக் கை நிற்காது. காயவிட்டால் பிடித்துக்கொள்ளும், ஈரத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அவள் கறை எடுக்கிற மருந்துப் புட்டியோடு ஓடிவந்தாள், நான் பிரஷும் பழந்துணியும் எடுத்தேன். ஓரத்திலிருந்து உள்ளே போக வேண்டும், கோட்டைத் தாண்டி வெளியே வரவே கூடாது, இழுத்துத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கறை பரவிவிடும். என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஆளுக்கொரு எழுத்தாகப் பிரித்துக்கொண்டோம்.

"அண்ணி, உங்க எழுத்துக் கால்ல இன்னும் சிவப்பு இருக்கு."

"உன் வேலையைப் பாருடி. கொம்பை விட்டுட்டுப் போயிருக்கே."

போட்டி வந்துவிட்டால் எங்களுக்குச் சுற்றி நடப்பது தெரியாது. எல்லாம் முடிந்ததும் குழாயை மாட்டி, மேலிருந்து கீழே வரை நன்றாகத் தண்ணீர் பீய்ச்சி அலசிவிட்டோம். கறுப்பாக ஏதோ கரைந்து சந்தில் ஓடியது. தள்ளி நின்று பார்த்தேன். ஈரச் சுவர் ஒரே கறுப்பாக நின்றது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்படி?" என்றேன்.

அப்போதுதான் போலீஸ் வண்டி வந்து நின்றது.

இறங்கியவர் ஒரு பெண் அதிகாரி. மூக்குக் கண்ணாடி, அமைதியான முகம். "எங்கேம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"இதோ..." என்று நீட்டின என் விரல் அந்தரத்தில் நின்றது. நாத்தனார் கையிலிருந்த பிரஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அதிகாரி சுவரைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்த எங்களைப் பார்த்தார். "எதையும் தொடாதீங்கன்னு சொல்றதுக்குள்ள யாரோ போனை வெச்சுட்டாங்கன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. அது நீங்கதானா?"

"கறை ஈரமா இருந்துச்சு மேடம்" என்றேன். சொல்லும்போதே அசடு வழிந்தது.

"போட்டோ எடுத்தீங்களா?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை இந்தப் பக்கம் போட்டு ஒரு படம், அந்தப் பக்கம் போட்டு ஒரு படம் என்று நாள் முழுக்க எடுப்பவள். இதை எடுக்கவில்லை. "அண்ணி எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன்" என்று என் தலையில் கட்டினாள்.

அதிகாரி கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். வெறும் பெயின்ட் கொட்டினதாகப் பதிவு செய்தால் அது சில்லறைக் கேஸ், யாரும் தேட மாட்டார்கள். ஒரு கூட்டத்து ஆட்களைக் குறிவைத்து வெறுப்பில் செய்த குற்றம் என்று பதிவு செய்தால்தான் அதற்கென்று இருக்கிற பிரிவு விசாரிக்கும், ரோந்து போடும், சந்தில் கேமரா வைக்கும். "அதுக்கு என்ன எழுதியிருந்துச்சுன்னு காட்டணும்மா. இவ்வளவு சுத்தமா எடுத்து வெச்சிருக்கீங்களே!" என்றவர், கொஞ்சம் தயங்கி, "பேனா மைக் கறையும் போகுமா? என் பாக்கெட்ல ஒண்ணு இருக்கு" என்றார்.

"கொண்டாங்க மேடம், எடுத்துடலாம்" என்றேன். பெருமையும் வந்தது, அழுகையும் வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து மகாராணி வந்தாள். அழகுநிலையம் வைத்திருக்கிற திருநங்கை. அவள் நடக்கிற நடைக்குத் தெருவே வைத்த பெயர் அது. தினமும் என்னோடு ஒரு வாய்ச் சண்டை போடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அன்று போலீஸைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. சுவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அக்கா, தண்ணி ஊத்திக் கழுவிட்டீங்களா?"

"பின்னே பால் ஊத்தியா கழுவுவாங்க? ஏன்?"

"ஒண்ணுமில்லை" என்றாள். அவள் முழித்த முழியே சரியில்லை.

இதற்குள் வெயில் சந்துக்குள் இறங்கியது. மேல்பக்கத்திலிருந்து சுவர் காய ஆரம்பித்தது. நாத்தனார்தான் முதலில் கவனித்தாள். "ஐயோ அண்ணி, அங்கே பாருங்க!"

எழுத்து திரும்ப வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை சிவப்பில் இல்லை, வெள்ளையில். கோட்டைத் தாண்டாமல், ஓரம் பிசகாமல் நாங்கள் கறை எடுத்த லட்சணம் அது. பெயின்டோடு சேர்த்து அதன் அடியிலிருந்த பழைய அழுக்கையும் எடுத்துவிட்டோம். எழுத்து இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்து, சுற்றிலும் யானைக் கலர் அப்படியே நின்றது. வேறு யாராவது ஒரு வாளித் தண்ணீரை விசிறியடித்துத் துடைப்பத்தால் இழுத்திருந்தால் எல்லாம் கலங்கிப்போயிருக்கும். நாங்கள் தொழில்காரர்கள் ஆயிற்றே! எழுதினவனைவிட அழகாக எழுதி வைத்திருந்தோம்.

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாத்தனார் சிரித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். "எடுங்க மேடம், போட்டோ எடுங்க. எந்தப் பக்கத்திலேருந்து வேணும்னாலும் எடுங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டே போனவர் கீழ்ப்பக்கம் வந்ததும் நின்றார். "இது வேற எழுத்தாட்டம் இருக்கே? இதுவும் இன்னிக்கு எழுதினதா?"

குனிந்து பார்த்தேன். நாங்கள் கையே வைக்காத இடம். அங்கேயும் வெள்ளையாக எழுத்துகள் காய்ந்து எழும்பிக்கொண்டிருந்தன. அதே திட்டு. அதற்குப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் இன்னொன்று. கதவுக்கு அருகில் சின்னதாக ஒன்று, "உன் பொண்டாட்டியைப் பார்த்துக்க" என்று. சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. சந்தில் கறுப்பாகக் கரைந்து ஓடியது என்ன என்று அப்போது புரிந்தது. துணியில் கறை எடுக்கும்போது சில சமயம் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போகும். என் வீட்டுக்காரர் அதற்கு ஏற்ற நிறத்தைக் குழைத்து, சன்னமான தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிடுவார். அந்த வேலை அவரைத் தவிர யாருக்கும் வராது. இங்கேயும் பெயின்டை எடுத்துவிட்டு, வெளுத்த இடத்தில் பாய்லர் கரியைத் தண்ணீரில் குழைத்து அதைத்தான் செய்திருக்கிறார். நாங்கள் பீய்ச்சின தண்ணீரில் அத்தனையும் கரைந்து போய்விட்டது.

விடிகிற நேரத்தில் பாய்லர் மூட்ட அவர் ஏன் தனியாக ஓடினார் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மகாராணி பக்கம் திரும்பினேன்.

"அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு அக்கா. என் கடைக் கண்ணாடியிலும் எழுதினானுங்க. அதையும் அவர்தான் துடைச்சுக் கொடுத்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் பழைய வாய்க்குத் திரும்பினாள். "உங்களுக்காவது பரவாயில்லை, ஊருக்குப் போகச் சொல்றான். என்னை நேரா மேலேயே போகச் சொன்னான். டிக்கெட் செலவுகூட மிச்சம்."

"இதுல சிரிப்பு வேறயாடி உனக்கு?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் சந்து முனையில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். ரயில் பை தோளில். போலீஸ் வண்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மாதக்கணக்கில் அவர் பூசி மறைத்ததெல்லாம் பட்டப்பகல் வெயிலில் பளபளவென்று நின்றது. மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஏங்க, இது என்னங்க?" என்றேன்.

"பாய்லர் கரி..." என்று ஆரம்பித்தார்.

"பாய்லரைப் பத்திப் பேசினீங்கன்னா அந்த பாய்லருக்குள்ளேயே போட்டுடுவேன். ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவே."

"போவேன்தான்!"

"அதான்." பையைக் கீழே வைத்தார். "நீ மேஜைக்குப் பின்னால உட்கார்ந்து வரவங்ககிட்டயெல்லாம் சிரிச்சுப் பேசறே. இதைப் படிச்சுட்டா, வரவங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து, இவனா இருக்குமோ அவனா இருக்குமோன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவே. நான் அப்படித்தான் ஆயிட்டேன். யாரோட சட்டையை எடுத்தாலும் கையில சிவப்பு இருக்கான்னு பார்க்கறேன். உனக்கும் அப்படி ஆகறதுக்கு முன்னால கூட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் வந்த பாசத்துக்கும் இல்லை. இரண்டில் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல், "தூசி ஒத்துக்கலைன்னு சொன்னீங்களே, பெரிய பொய்க்காரர்!" என்று மட்டும் கத்தினேன்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "புகார் யார் கொடுக்கறீங்க? இதை வெறுப்புக் குற்றம்னுதான் பதியப்போறேன். இந்தம்மா கடை விஷயத்தையும் சேர்த்துக்கலாம், அவங்களுக்குச் சம்மதம்னா."

"சம்மதம். ஆனா போட்டோவுல என் இடது பக்கம் தெரியணும்" என்றாள் மகாராணி.

அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் போலிருக்கு, நீங்கதான் சாட்சி. ஒண்ணு சொல்லிடறேன் சார். விசாரணை இழுக்கும். கூப்பிடறப்பெல்லாம் வரணும், எழுதினவன் கிடைச்சா அவன் எதிர்ல நின்னு சொல்லணும். பாதியில ஊரை விட்டுப் போயிட்டா கேஸ் நிக்காது. நீங்க இங்கே இருப்பீங்கல்ல?"

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினேன். இது அவரைக் கேட்ட கேள்வி. இத்தனை நாள் தனியாக நின்று துடைத்தது அவர். போகலாம் என்று அவர் சொன்னால், இந்த மேஜையையும் இந்தத் தெருவையும் இந்த மகாராணியையும் விட்டுவிட்டு அவர் பின்னால் போக வேண்டியதுதான் என்று அந்த இடத்தில் நின்றபடியே முடிவு செய்தேன். மனசு வலித்தது, ஆனால் செய்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது.

அவர் சுவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் படித்தார். கதவுக்கு அருகில் இருந்ததை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை.

"இருப்போம்" என்றார்.

சத்தம் வெளியே வரவில்லை. அதிகாரி பேனாவைப் பிடித்தபடி, "என்ன சார்?" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். நானும் கேட்டேன், மகாராணி கடைக்குள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் கேட்டார்கள், எதிர்ச் சாரியில் ஜன்னல் திறந்து பார்த்தவர்களும் கேட்டார்கள்.

"இங்கேதான் இருப்போம்!"

நான் தெருவில் நின்று ஓவென்று அழுதேன்.